கழிக்கப்பட்ட வரியும் கணக்குக் கேளாத ஊழியரும்

மாதச் சம்பளம் பெறுவோரிடையே நெடுங்காலமாக வேரூன்றிய எண்ணம் ஒன்றுண்டு. சம்பளச் சீட்டில் வருமான வரியென ஒரு தொகை கழிக்கப்பட்டதும் வரி பற்றிய தமது கடமை முற்றாகத் தீர்ந்துவிட்டது என்பதே அது. கழிப்பவர் தொழில்தருநர், பெறுவது உண்ணாட்டரசு இறைவரித் திணைக்களம், இடையே நிற்கும் ஊழியர் செய்வதற்கு யாதுமில்லை என்று அவர் கருதுகின்றார். இவ்வெண்ணம் பிழையானது. பிழையானது மட்டுமன்று, அதனை நம்பியிருக்கும் ஊழியருக்கே கேடு பயப்பதுமாகும்.

இலங்கையில் 2020ஆம் ஆண்டு தொடக்கம் இக்கழிப்புமுறை குறித்து இருவகைப்பட்ட கருத்துகள் வலியுறுத்தப்பட்டு வந்துள்ளன. ஊழியரின் இசைவின்றி அவரது சம்பளத்தில் ஒரு சதமேனும் கழிக்கலாகாது என்பது ஒன்று. கழிப்பதைக் கழித்துக்கொண்டு, வருமான விவரத்திரட்டு முதலிய தொல்லைகளிலிருந்து ஊழியரை விட்டுவிட வேண்டும் என்பது மற்றொன்று. ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றும் இவ்விரு கருத்துகளும் ஒரே தவறிற் பிறந்தவை. இரண்டும் மாதாந்தக் கழிப்பை மட்டுமே காண்கின்றன. ஆண்டிறுதியில் நிகழவேண்டிய கணக்குத் தீர்ப்பைக் காண்பதில்லை.

முதலில் அடிப்படையை நோக்குவோம். வருமான வரி ஆண்டொன்றுக்குரிய வரி. ஏப்ரல் 1இல் தொடங்கி மறுஆண்டு மார்ச் 31இல் முடியும் மதிப்பீட்டாண்டில் ஒருவர் எல்லா வழிகளிலும் பெற்ற வருமானம் எவ்வளவு, அதிற் கழிக்கத்தக்க நிவாரணம் எவ்வளவு, எஞ்சியதன்மீது படிமுறை வீதப்படி இறுக்கவேண்டியது எவ்வளவு என்பன அவ்வாண்டு முடிந்த பின்னரே உறுதியாகத் தெரியவரும். மாதந்தோறும் கழிக்கப்படுவது அவ்வரிக்கான ஒரு மதிப்பீடு. முன்கூட்டியே செலுத்தப்படும் பணம். ‘உழைக்கும்போதே செலுத்தும் வரி’ என்ற பழைய பெயர் இவ்வுண்மையை மறைத்தது. ‘முற்பணத் தனியாள் வருமான வரி’ என்ற இன்றைய பெயர் அதனை வெளிப்படையாகவே கூறுகின்றது. முற்பணம் கொடுத்தவர் இறுதிக் கணக்கைக் கேளாதிருப்பாராயின், அப்பணம் கூடியதோ குறைந்ததோ என்பதை அவர் எவ்வாறு அறிவார்?

2020இல் நிகழ்ந்தது இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. அவ்வாண்டு சனவரி 1 தொடக்கம் பழைய கழிப்புமுறை ஒழிக்கப்பட்டது. அதே வேளையில் ஆண்டொன்றுக்கான தனியாள் நிவாரணம் 30 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. பின்னர் ஏப்ரல் முதலாந் திகதியிலிருந்து நடைமுறைக்கு வந்த முற்பண வரி, நாட்டில் வதியும் இலங்கைக் குடிகளைப் பொறுத்தவரை அவர்களின் இசைவைப் பெற்றே கழிக்கப்படலாயிற்று. இசைந்தவரின் சம்பளத்தில் வரி கழிக்கப்பட்டது. இசையாதவர் தமது வரியைத் தாமே மதிப்பிட்டு, ஆகத்து 15, நவம்பர் 15, பெப்ருவரி 15, மே 15 ஆகிய திகதிகளில் நான்கு தவணைகளாகச் செலுத்தி, பின்னர் விவரத்திரட்டையும் சமர்ப்பிக்கவேண்டியவராயினார்.

இதனை ஊழியருக்குக் கிடைத்த சுதந்திரம் எனப் போற்றினோர் உளர். அச்சுதந்திரத்தின் உள்ளீடு யாது? மாதம் 3 இலட்சம் ரூபா சம்பளம் பெற்ற ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவரின் ஆண்டு வருமானம் 36 இலட்சம். நிவாரணம் போக வரிக்குரியது 6 இலட்சம். அன்றைய முதற்படி வீதமான 6 சதவீதப்படி அவர் இறுக்கவேண்டியது 36,000 ரூபா. அவர் இசைந்திருப்பின் மாதம் 3,000 ரூபா கழிக்கப்பட்டிருக்கும். இசையாதிருப்பின் தவணைக்கு 9,000 ரூபாவைத் தாமே செலுத்தியிருக்க வேண்டும். இரண்டிலும் வரி 36,000 ரூபாவே. ஒரு சதமேனும் குறையவில்லை. ஆகவே ஊழியருக்கு அளிக்கப்பட்ட தெரிவு வரியின் அளவைப் பற்றியதன்று. வரியைச் செலுத்தும் காலத்தையும், செலுத்தும் பொறுப்பு யாருடையது என்பதையும் பற்றியது. கணக்காளரை அமர்த்தும் வசதி படைத்தவருக்கு அது வாய்ப்பாயிற்று. தவணைத் திகதிகளை ஒருபோதும் கேள்விப்பட்டிராத சாதாரண ஊழியருக்கோ அது கண்ணுக்குத் தெரியாத கடனாயிற்று. கையிற் கிடைத்த முழுச் சம்பளமும் தமதே என எண்ணிச் செலவிட்டவர், அதிலொரு பங்கு அரசுக்குரியது என்பதைப் பின்னரே உணரவேண்டியிருந்தது.

இசைந்தவருக்கும் அநீதியே விளைந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி ஆண்டுப் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டது. பணத்தின் பெறுமதி மாதந்தோறும் கரைந்துகொண்டிருந்த அக்காலத்தில், மாத முடிவிலேயே வரி செலுத்தியவர் பெறுமதி மிக்க ரூபாவிற் செலுத்தினார். பிற்போட்டவர் பெறுமதி தேய்ந்த ரூபாவிற் செலுத்தினார். ஒரே அலுவலகத்தில் அடுத்தடுத்த மேசைகளில் இருந்து ஒரே சம்பளம் பெற்ற இருவரிடையே இத்தகைய வேறுபாட்டை உண்டாக்கிய முறையை நியாயமானதென எவரும் வாதிட இயலாது. அரசின் நிலையும் வேறன்று. 2019 இறுதியிலிருந்து செய்யப்பட்ட வரிக்குறைப்புகளும் விலக்குகளும் சேர்ந்து, 2021இல் அரச வருமானத்தை மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 10 சதவீதத்திற்கும் கீழே வீழ்த்தின. 2022 ஏப்ரலில் நாடு தனது வெளிநாட்டுக் கடன் மீள்செலுத்தலை இடைநிறுத்தியது. அவ்வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. எனினும், வரி சேரும் வாய்க்கால்களுள் மிகச் சீரானதை அரசு தன் கையாலேயே அடைத்துக்கொண்டமை அவற்றுள் ஒன்று என்பதை மறுக்கவியலாது.

2022ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின்படி, 2023 சனவரி 1 முதல் கழிப்பு மீண்டும் கட்டாயமாயிற்று. நிவாரணம் 12 இலட்சமாகக் குறைக்கப்பட்டது. வீதங்கள் ஐந்து இலட்சத்திற்கொரு படியாக 6 முதல் 36 சதவீதம் வரை ஏறின. மாற்றம் மதிப்பீட்டாண்டின் நடுவே வந்தமையால் 2022/2023ஆம் ஆண்டிற்கு இருவேறு கணக்குகள் தேவைப்பட்டன. முதல் ஒன்பது மாதங்களுக்கு 22 இலட்சத்து 50 ஆயிரமும், இறுதி மூன்று மாதங்களுக்கு 3 இலட்சமும் நிவாரணங்களாயின. முன்னர் இசைவு அளிக்காதவர் முதற்பகுதியைத் தாமே தீர்க்கவேண்டியிருந்தது. பிற்பகுதி அவரைக் கேளாமலே கழிக்கப்பட்டது. 2023 மார்ச்சில் மருத்துவரும் பல்கலைக்கழக ஆசிரியரும் பிற தொழிற்சங்கத்தினரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர்.

அவர்களின் குறையில் நியாயம் இருந்தது. விலைவாசி இரட்டித்த காலத்தில் நிவாரணத்தை 30 இலட்சத்திலிருந்து 12 இலட்சத்திற்கு இறக்கியமை கடுமையான செயல். சம்பளம் பெறுவோர் தப்பவியலாதவாறு பிடிபட, வேறு வழிகளிற் பெருவருமானம் ஈட்டுவோர் பலர் வலைக்கு வெளியே நிற்பதும் உண்மையே. ஆயினும் இக்குறைகளுக்குப் பரிகாரம் வீதத்தையும் நிவாரணத்தையும் திருத்துவதும், வெளியே நிற்போரை உள்ளே கொணர்வதுமேயன்றி, கழிப்பைத் தளர்த்துவதன்று. கழிப்பை மீண்டும் விருப்பத்திற்கு விடவேண்டும் எனக் கேட்பது, நோய் தலையிலிருக்கக் காலுக்கு மருந்திடுவதை ஒக்கும். வரி கூடியதெனின் அதனைக் குறைக்குமாறு வாதாட வேண்டும்; அதனைப் பிற்போடுவது குறைப்பதாகாது.

இதுவரை கூறியது கட்டாயக் கழிப்பிற்குச் சார்பானது. ஆனால் கட்டாயக் கழிப்பு, ஊழியரின் மௌனத்தோடு சேரும்போது வேறோர் அநீதி பிறக்கின்றது. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உண்ணாட்டரசு இறைவரிச் சட்டம், தொழில் வருமானம் மட்டுமே உடையவருக்கு, தொழில்தருநர் வரியைக் கழித்திருக்கும் பட்சத்தில், விவரத்திரட்டுச் சமர்ப்பிக்கும் கடமையிலிருந்து விலக்களித்தது. இவ்விலக்கு ஒரு சலுகையாகவே கருதப்படுகின்றது. அச்சலுகையின் விலையைப் பின்வரும் கணக்குகள் காட்டும். 2025 ஏப்ரல் 1இல் தொடங்கிய மதிப்பீட்டாண்டின் விதிகளை அவற்றுக்கு அடிப்படையாகக் கொள்ளலாம். அவ்விதிகளின்படி நிவாரணம் 18 இலட்சம். அதற்குமேல் முதற் 10 இலட்சத்திற்கு 6 சதவீதம். அடுத்து ஐந்து இலட்சத்திற்கொரு படியாக 18, 24, 30 சதவீதங்கள். எஞ்சியதற்கு 36 சதவீதம்.

பட்டம் பெற்று அவ்வாண்டு ஒக்டோபரில் மாதம் 2 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா சம்பளத்தில் முதன்முறையாக வேலைக்குச் சேர்ந்த ஒருவரைக் கருதுக. மாதாந்த அட்டவணை அவர் ஆண்டு முழுவதும் அச்சம்பளத்தைப் பெறுபவர் போலவே கருதி, மாதம் 8,000 ரூபாவைக் கழிக்கும். மார்ச் இறுதிவரை ஆறு மாதங்களிற் கழிக்கப்படுவது 48,000 ரூபா. ஆனால் அவ்வாண்டில் அவர் பெற்றதோ 15 இலட்சம் மட்டுமே. அது நிவாரணத்திலும் குறைவு. வேறு வருமானம் இல்லையெனின் அவர் இறுக்கவேண்டிய வரி ஒன்றுமில்லை. கழிக்கப்பட்ட 48,000 ரூபாவும் அவருக்கு மீளளிக்கப்பட வேண்டியது. விவரத்திரட்டுச் சமர்ப்பித்து மீளளிப்புக் கோரினால் அப்பணத்திற்கு வழியுண்டு. ‘எனக்கு விலக்குண்டு’ என வாளாவிருந்தால் அது அரசின் கையிலேயே தங்கிவிடும். இவ்விலக்கினால் நன்மையடைந்தவர் யார்?

இனி, மாதம் 2 இலட்சம் சம்பளமும் நிலையான வைப்பிலிருந்து ஆண்டிற்கு 3 இலட்சம் வட்டியும் பெறும் ஒருவரைக் கருதுக. சம்பளத்திற் கழிக்கப்படும் வரி ஆண்டிற்கு 36,000 ரூபா. வங்கி, வட்டியில் 10 சதவீதமாகிய 30,000 ரூபாவை முற்பண வரியாகக் கழிக்கும். ஆக மொத்தம் 66,000 ரூபா. அவரின் முழு வருமானம் 27 இலட்சம். வரிக்குரியது 9 இலட்சம். 6 சதவீதப்படி உரிய வரி 54,000 ரூபா. அவரிடமிருந்து 12,000 ரூபா கூடுதலாகப் பெறப்பட்டுள்ளது. இப்பொழுது மாதம் 5 இலட்சம் சம்பளம் பெற்று அதே 3 இலட்சம் வட்டியை ஈட்டும் உயர் அலுவலரை நோக்குக. அவரின் வட்டி 36 சதவீதப் படிக்குள் விழுகின்றது. அதன்மீது உரிய வரி 1 இலட்சத்து 8 ஆயிரம். வங்கி கழித்ததோ அதே 30,000 ரூபா. அவர் இன்னும் 78,000 ரூபா செலுத்த வேண்டியவர். இருவருக்கும் வட்டி வருமானம் உள்ளதால் விவரத்திரட்டிலிருந்து விலக்குக் கோரும் உரிமை இருவருக்கும் இல்லை. ஆயினும் கழிப்போடு எல்லாம் முடிந்தது என்ற எண்ணத்தால் இருவரும் மௌனமாயிருப்பின் விளைவு யாது? சிறியவர் தமக்குரியதை இழக்கின்றார். பெரியவர் தாம் கொடுக்கவேண்டியதைக் கொடாது வைத்துக்கொள்கின்றார். ஊழியரின் மௌனம் நடுநிலையானதன்று. அது எளியவரின் பணத்தை வறிதே விட்டுக்கொடுத்து, வலியவரின் கடனை மறைத்து வைக்கின்றது.

மூன்றாவது, இரண்டு வேலை பார்ப்போரின் நிலை. 2 இலட்சம் ரூபா சம்பளத்தோடு மாலையில் வேறொரு நிறுவனத்தில் ஊழியராகப் பணிபுரிந்து மாதம் 50,000 ரூபா பெறுபவர், தமது முதன்மைத் தொழில் எதுவென்பதை வெளிப்படுத்தக் கடமைப்பட்டவர். அவ்வாறு வெளிப்படுத்தினால் இரண்டாம் தொழிலின் சம்பளத்தில் அதற்குரிய வேறு அட்டவணைப்படி வரி கழிக்கப்படும். அதனை மறைத்தாலோ, அறியாமையால் விட்டாலோ, 50,000 ரூபா மாத நிவாரணத்திற்குள் அடங்கியதாகக் கொள்ளப்பட்டு யாதும் கழிக்கப்படாது. ஆண்டிறுதியில் அவரின் மொத்த வருமானம் 30 இலட்சம்; உரிய வரி 96,000 ரூபா; கழிக்கப்பட்டது 36,000 ரூபா. எஞ்சிய 60,000 ரூபாவை அவர் தாமே செலுத்த வேண்டும். மதிப்பீட்டாண்டு முடிந்தபின் வரும் செப்டெம்பர் 30 இறுதிக் கொடுப்பனவிற்கும், நவம்பர் 30 விவரத்திரட்டிற்கும் உரிய எல்லைகளாகும். அவற்றைத் தவறவிட்டால் வட்டியும் தண்டமும் சேரும். ஆண்டின் தொடக்கத்தில் நிரப்பாது விட்ட சிறு படிவமொன்று ஆண்டின் இறுதியிற் பெருங்கடனாக வந்து நிற்பது இவ்வாறே.

பிற நாடுகளின் அனுபவம் இங்கு ஒளி தரும். ஐக்கிய அமெரிக்கா போர்க்காலத்தில், 1943ஆம் ஆண்டுச் சட்டத்தினால் சம்பளத்தில் வரி கழிக்கும் முறையைப் பரவலாக்கியது. அங்கு ஊழியர் டபிள்யூ-4 என்ற படிவத்தின்மூலம் தமது குடும்பநிலை, வேறு வேலை, வேறு வருமானம் ஆகியவற்றைத் தெரிவித்துக் கழிப்பின் அளவைத் தாமே பெரிதும் தீர்மானிக்கின்றார். குறைவாகக் கழிக்குமாறு தெரிவு செய்தவர் ஆண்டிறுதியில் வரியும், சிலவேளைகளில் தண்டமும் செலுத்துகின்றார். கூடுதலாகக் கழிக்குமாறு தெரிவு செய்தவர் மீளளிப்புப் பெறுகின்றார். ஆனால் அரசுக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்தவராகின்றார். எவ்வாறாயினும், குறித்த எல்லைக்கு மேற்பட்ட வருமானமுடைய ஊழியர் விவரத்திரட்டுச் சமர்ப்பித்தேயாக வேண்டும். ஆகவே மாதாந்தத் தவறு ஆண்டிறுதியில் திருத்தப்படுகின்றது. பிரித்தானியா 1944இல் தொடங்கிய முறை வேறுவகைப்பட்டது. அங்கு பொதுவாக ஆண்டுத் தொடக்கத்திலிருந்து அன்றுவரை பெற்ற மொத்த வருமானமும் அன்றுவரை உரிய நிவாரணமும் ஒவ்வொரு சம்பள நாளிலும் கூட்டி நோக்கப்படுகின்றன. நடுவில் வேலைக்குச் சேர்ந்தவரின் கணக்கு அக்கழிப்பினுள்ளேயே சரிசெய்யப்படுவதால், பெரும்பாலான ஊழியர் விவரத்திரட்டுச் சமர்ப்பிக்கவேண்டியதில்லை.

இலங்கையின் நிலை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. ஒவ்வொரு மாதத்தையும் தனித்தனியே நோக்கும் அட்டவணை அமெரிக்க முறையை ஒத்தது. விவரத்திரட்டு வேண்டாம் என்ற விலக்கோ பிரித்தானிய முறைக்குரியது. ஒன்றின் குறையை நீக்கும் மருந்தை விட்டுவிட்டு, மற்றதன் வசதியை மட்டும் எடுத்துக்கொண்டால் ஊழியரின் கணக்கு எங்கே திருத்தப்படும்? இவ்வினாவிற்கு விடை கூறாமல் விலக்கைச் சலுகையெனப் புகழ்வது பொருளற்றது.

இதற்கு இரு தடைகள் கூறப்படலாம். இலட்சக்கணக்கான ஊழியர் விவரத்திரட்டுச் சமர்ப்பிப்பின் திணைக்களம் தாங்காது என்பது ஒன்று. அரசு கூடுதலாகப் பெற்ற பணத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கு ஆளில்லை என்பது அப்பணத்தை வைத்திருப்பதற்கு நியாயமாகாது. மேலும், தொழில்தருநர் ஆண்டு முடிவில் வழங்கும் டி-10 என்னும் கழிப்புச் சான்றிதழில் சம்பளமும் வரியும் ஏற்கெனவே பதியப்பட்டுள்ளன. வங்கி கழித்த வரிக்கும் சான்றிதழ் உண்டு. திணைக்களம் இவ்விரண்டையும் ஊழியரின் வரியிலக்கத்தின்கீழ்த் தானே தொகுத்து, சரிபார்த்து ஒப்பமிடுமாறு அவருக்கு அனுப்புமாயின் வேலை குறையுமேயன்றிக் கூடாது. சாதாரண ஊழியர் இத்தகைய கணக்குகளை விளங்கிக்கொள்ள மாட்டார் என்பது மற்றைய தடை. இது ஊழியரை இழிவுபடுத்தும் கூற்று. சீட்டுக்கட்டி, வீட்டுக் கடன் தீர்த்து, மாதச் செலவை ஒப்பேற்றும் ஒருவருக்கு மேற்கூறிய கூட்டலும் கழித்தலும் எட்டாதவையல்ல. எட்டாதிருப்பவை படிவங்களின் மொழியும் விளக்கமின்மையுமே. அவற்றை எளிய தமிழிலும் சிங்களத்திலும் தருவது அரசின் கடமை. கேட்டுப் பெறுவது தொழிற்சங்கங்களின் கடமை.

கழிப்புமுறை பற்றிப் பேசும்போது மில்ரன் பிறீட்மனின் பெயரும் எடுத்துக்காட்டப்படுவதுண்டு. 1940களின் தொடக்கத்தில் அமெரிக்கத் திறைசேரியில் அம்முறையை வகுப்பதில் உதவிய அப்பொருளியலறிஞர், பின்னாளில் அது ஒழிக்கப்படவேண்டும் என விரும்பினார். வலியின்றிக் கழிக்கப்படும் வரி அரசின் பெருக்கத்திற்கு வழிகோலும் என்பது அவரது அச்சம். அவ்வச்சத்தில் ஓர் உண்மை உண்டு: உணராது கொடுக்கப்படும் வரியைப் பற்றி எவரும் வினவுவதில்லை. ஆனால் அதற்குத் தீர்வு கழிப்பை ஒழிப்பதன்று என்பதை இலங்கையின் மூவாண்டு அனுபவம் காட்டிவிட்டது. கழிப்பு இருக்கவேண்டும், அதனோடு வினாவும் இருக்கவேண்டும். விவரத்திரட்டே அவ்வினாவைச் சட்டப்படி எழுப்பும் இடம். தாம் கொடுத்தது எவ்வளவு என்பதை ஆண்டுக்கொருமுறை எழுத்திற் காண்பவரே, கொடுத்த பணம் எங்கே சென்றது என்று கேட்கும் தகுதியையும் துணிவையும் பெறுகின்றார்.

ஆகவே சம்பளம் பெறுவோர் போராடவேண்டிய களம் வேறு. இசைவுரிமையை மீளக் கேட்பதும் விலக்கைக் காத்துக்கொள்வதும் அவர்களுக்கு நன்மை தாரா. ஆண்டின் நடுவில் வேலைக்குச் சேர்ந்தோரும் விலகினோரும் கூடுதலாகச் செலுத்தியதைத் தாமே கோராமற் பெறுவதற்கு வழிசெய்க என்று அவர்கள் கேட்கவேண்டும். முதன்மைத் தொழில் வெளிப்படுத்துகை, நிவாரண எல்லைக்குள் அடங்கிய வருமானமுடையோர் வட்டியில் வரி கழியாதிருக்க வங்கிக்குக் கொடுக்கும் சுயவெளிப்படுத்துகை ஆகியவற்றை வேலைக்குச் சேரும் நாளிலும் வைப்புச் செய்யும் நாளிலும் விளக்கி வழங்குக என்று கேட்கவேண்டும். அவற்றைப் பெறும்வரை, டி-10 சான்றிதழைப் பெட்டிக்குள் இடாது, அதனைக் கையிலெடுத்துத் தமது ஆண்டுக் கணக்கைத் தாமே ஒருமுறை போட்டுப் பார்ப்பது ஒவ்வோர் ஊழியரும் உடனடியாகச் செய்யக்கூடியது. பல்கலைக்கழகத்திலிருந்து வேலைக்குச் செல்லும் இளைஞர் இப்பழக்கத்தை முதலாண்டிலேயே கைக்கொள்வாராயின், அவரது 48,000 ரூபாவும் அவருக்குத் திரும்பும். கணக்குக் கேட்கும் குடிமக்களும் நாட்டிற் பெருகுவர்.